வேன் ஃபீஸ் கட்டினால் வாசிப்பு வந்துருமா?

மஞ்சள் வேக வைக்கிற வேலை முடிஞ்சு இப்பத்தான் உட்கார நேரம் கிடைச்சது. இன்னைக்கு விவசாயம் எழுதலை. வீட்டில் நடந்த ஒரு சண்டையை எழுதறேன்.

என் பேத்தி ரெண்டாம் வகுப்பு, டவுனில் இங்கிலீஷ் மீடியம். போன வாரம் பாடத்தில் ஒரு பக்கத்தைக் கடகடன்னு ஒப்பிச்சா. வீட்டில் எல்லாருக்கும் பெருமை. எனக்கு மட்டும் சந்தேகம். நடுவில் ஒரு வார்த்தை மேல் விரலை வச்சு, "இது என்ன கண்ணு?"ன்னு கேட்டேன். முதல் வரியில் இருந்து வாய்க்குள் சொல்லிக்கிட்டே வந்து அந்த இடத்தைப் பிடிக்கப் பார்த்தா. முடியலை. தமிழ்ப் புத்தகத்தை எடுத்தேன். அதுவும் அதே கதைதான். "மிஸ் முன்னால சொன்னாத்தானுங்க அப்பாரு எனக்கு வரும்"னா.

மகன்கிட்ட சொன்னதுக்கு, "இவ்வளவு பணம் கட்டறமுங்க, அவங்க பார்த்துக்குவாங்க"ன்னான். அங்கேதான் எனக்குக் கோபம் வந்தது. வாய்க்காலில் தண்ணி விட்டால் போதுமா, பாத்தி கட்ட வேண்டாமா?

பள்ளிக்கூடத்தில் சொல்லி விடறது என்ன தெரியுமா? வீட்டில் இங்கிலீஷில் பேசுங்கன்னு. என் மருமகளுக்கு அது வராது. அதனால் பிள்ளைகிட்ட பேசறதையே குறைச்சுக்கிட்டா. இதைவிட ஒரு அநியாயம் உண்டா? பிள்ளைக்கு ஆடு தெரியும், கிணறு தெரியும். தெரிஞ்ச வார்த்தையை எழுத்தில் கண்டுபிடிக்கிறதுதான் வாசிப்பு. பேச்சே தெரியாத பாஷையில் எழுத்துக் கூட்டினாலும் வெறும் சத்தம்தானே மிஞ்சும்?

தமிழ் மட்டும் சும்மா வந்துடும்னு சொல்லலை. 247 எழுத்து. 'கடல்', 'பகல்', 'தங்கம்' மூணிலும் இருக்கிற 'க' ஒண்ணுதான், சத்தம் மூணு. 'கொ'வுக்குக் கொம்பு முன்னால், கால் பின்னால். நாம 'ஆத்துக்கு'ன்னு பேசறோம், புத்தகம் 'ஆற்றுக்கு'ன்னு எழுதுது. பக்கத்தில் உட்கார்ந்து ஒருத்தர் சொல்லித்தான் இதெல்லாம் பிடிபடும்.

அரசுப் பள்ளியில் 2022-ல் 'எண்ணும் எழுத்தும்' கொண்டு வந்தாங்க. அரும்பு, மொட்டு, மலர்னு பிள்ளை எந்த நிலையில் இருக்கோ அங்கிருந்து சொல்லித் தர்ற திட்டம். நல்ல யோசனைதான். ஆனா ஒரே டீச்சர் ரெண்டு மூணு வகுப்பை ஒண்ணா வச்சுக்கிட்டு எத்தனை பிள்ளை வாசிக்கிறதைக் கேட்பாங்க? அங்கே பிள்ளைகள் குறைஞ்சு போனதும் எங்களை மாதிரி வேன் பின்னால் ஓடினவங்களால்தான். என் வீட்டையும் சேர்த்துத்தான் சொல்றேன்.

"பெத்தவங்களுக்கே படிப்பில்லை, அவங்க என்ன செய்வாங்க?"ன்னு டவுன்காரங்க கேட்கறீங்க. எங்க அம்மா கைநாட்டு. மளிகைக் கடையில் பொட்டலம் மடிச்சுத் தர்ற தினத்தந்தித் தாளைப் பிரிச்சுக் கொடுத்து, "வாசி சாமி, கேட்கறேன்"னு சொல்லும். தப்பா வாசிச்சா, "அர்த்தமே வரலையே, மறுபடி பாரு"ங்கும். அப்படித்தான் எனக்கு வாசிப்பு வந்தது. பிள்ளைக்கு முதலில் வேண்டியது படிச்ச ஆள் இல்லீங்க, காது கொடுக்கிற ஆள்.

வாசிப்பு பரீட்சைக்கு மட்டும்னு நினைக்காதீங்க. எங்க அப்பாவுக்குப் பூச்சிமருந்து டப்பாவில் நிறம்தான் தெரியும். சிவப்புன்னா கடும் விஷம், பச்சைன்னா கொஞ்சம் குறைவு. எவ்வளவு தண்ணியில் எவ்வளவு கலக்கணும்னு கடைக்காரர் சொன்னதுதான் வேதம். என் பேத்தி அந்த நிலைமைக்கு வரக்கூடாது.

இப்ப தினம் சாயங்காலம் கால் மணி நேரம் அவளும் நானும் உட்கார்றோம். முந்தாநாள் மூட்டையைப் பார்த்து, "வேப்பம்... புண்... புண்ணாக்கு!"ன்னா. யாரும் முன்னால் சொல்லிக் கொடுக்கலை.

அடுத்த தடவை ஊருக்கு வரும்போது பிள்ளைகளுக்கு சாக்லேட் வேண்டாமுங்க. ஒரு கதைப் புத்தகம் வாங்கிட்டு வாங்க. கொடுத்துட்டுக் கிளம்பிடாமல், திண்ணையில் உட்கார்ந்து பிள்ளை வாசிக்கிறதைக் கேட்டுட்டுப் போங்க.