நாலு வருஷத்துக்கு ஒருக்கா முளைக்கும் நிபுணர்கள்

ஒலிம்பிக்ஸோ ஆசிய விளையாட்டோ, பெரிசா ஒண்ணு ஆரம்பிச்சா போதும். எங்க ஊர் மணப்பாறை பஸ் ஸ்டாண்டு டீக்கடையில இருந்து, நான் பொட்டி தட்டுற சென்னை ஆபீஸ் கேண்டீன் வரைக்கும் நாலே நாலு டயலாக்தான் ஓடும்.

1. "நடக்குறதெல்லாம் ஒரு வெளாட்டாய்யா?"
2. "கவர்மெண்டு காசுல ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கானுங்க."
3. "140 கோடிப் பேர் இருக்கோம், மெடலுக்கு வழியக் காணோம்."
4. "கிரிக்கெட்ட மட்டும் சேத்துக்கிட்டா நாமதான் கோல்டு."

ஊர்க்காரன், பட்டணத்தான், படிச்சவன், படிக்காதவன் எல்லாரும் இதுல ஒரே கட்சி. இன்னும் சொல்லப்போனா எங்க இன்ஜினியர் கும்பல்தான் ரொம்ப மோசம். ப்ரோகிராம்ல ஒரு தப்புன்னா லாக் பாக்காம வாயத் தொறக்க மாட்டோம். விளையாட்டுன்னா மட்டும் ஒரு விதி கூடத் தெரியாம தீர்ப்பே எழுதிருவோம். இந்தப் பதிவு அந்த நாலு டயலாக்குக்கும் பதில். கொஞ்சம் காட்டமாத்தான் இருக்கும், பொறுத்துக்கங்க மக்கா.

முதல்ல அந்த நடை மேட்டர். 2024 பாரிஸ் ஒலிம்பிக்ஸ்ல 20 கிலோமீட்டர் நடைப் போட்டியில ஈக்வடார்காரர் பிரையன் பின்டாடோ தங்கம் வாங்கின நேரம் 1 மணி 18 நிமிஷம் 55 செகண்டு. மணிக்கு 15 கிலோமீட்டருக்கும் மேல. மணப்பாறையில இருந்து கிளம்பினா திருச்சி ரோட்டுல கிட்டத்தட்ட பாதி தூரம். நக்கல் அடிக்கிற நம்மள்ல எத்தனை பேரால ஒரே ஒரு கிலோமீட்டரை 4 நிமிஷத்துக்குள்ள ஓட முடியும்? நடக்க இல்ல சாமி, ஓட! அவங்க அந்த வேகத்துல போகும்போது ஒரு கால் எப்பவும் தரையில இருக்கணும். முன்னாடி வைக்கிற கால் தரையைத் தொட்டதுல இருந்து உடம்புக்கு நேர் கீழ வர்ற வரைக்கும் முட்டி மடங்கக் கூடாது. வழி நெடுக நடுவருங்க நின்னு இதையே பாத்துட்டு இருப்பாங்க. இடுப்ப ஆட்டி ஆட்டி நடக்குறாங்கன்னு சிரிக்கிறோமே, அந்த விதிக்குள்ள நின்னு வேகம் எடுக்கத்தான் அந்த ஆட்டம். இது தெரிஞ்சு பாத்தா சிரிப்பு வராது, பயமா இருக்கும்.

அடுத்தது "ஊர் சுத்திப் பாக்கப் போயிருக்கானுங்க". இதுக்கு நம்ம திருச்சி மாவட்டத்துலயே உதாரணம் இருக்கு. 2021-ல நடந்த டோக்கியோ ஒலிம்பிக்ஸ்லதான் ஆணும் பெண்ணும் சேர்ந்து ஓடுற 4×400 கலப்புத் தொடர் ஓட்டத்த முதல் தடவை சேத்தாங்க. இந்தியா சார்பா ஓடின நாலு பேர்ல மூணு பேர் தமிழ்நாடு. மதுரை ரேவதி, திருச்சி சுபா, லால்குடிப் பக்கத்து ஆரோக்கிய ராஜீவ். உலகத்தோட முதல் கலப்பு ஒலிம்பிக் தொடர் ஓட்டத்துல நம்ம மாவட்டத்துல இருந்து ரெண்டு பேர்! மணப்பாறையில ஒரு ஃப்ளெக்ஸ் பாத்தீங்களா? நான் பாக்கல. அவங்க ஹீட்ஸ்ல கடைசியா வந்தாங்க. அத மட்டும் எல்லாரும் பாத்துட்டாங்க.

ஒரு வாரம் கழிச்சு ஆகஸ்ட் 6-ஆம் தேதி ஆண்கள் 4×400. அதே ஆரோக்கிய ராஜீவ் இருந்த அணி 3 நிமிஷம் 00.25 செகண்டுல ஓடுச்சு. அன்னைக்கு அது புது ஆசிய சாதனை. ஆசியாவுல அதுக்கு முன்னாடி எந்த நாட்டு அணியும் அவ்வளவு வேகமா ஓடினதில்ல. ஃபைனலுக்கு 8 அணி, நம்ம அணி ஒன்பதாவது. ஒரே ஒரு இடத்துல போச்சு. மறுநாள் ஆபீஸ்ல என் காதுபட விழுந்த விமர்சனம்: "ஃபைனலுக்கே வரலியாம்ல, வேஸ்ட்டு." ஆசியாவுலயே யாரும் ஓடாத வேகத்துல ஓடிட்டு வந்தவனுக்கு, மூணாவது மாடிக்கு லிஃப்ட் தேடுறவன் குடுக்கிற சர்டிபிகேட் அது :-(

இதே ஜனங்க 2023 ஆகஸ்ட்ல புடாபெஸ்ட் உலக சாம்பியன்ஷிப் அப்போ துள்ளிக் குதிச்சாங்க. அங்க ஹீட்ஸ்ல நம்ம அணி 2 நிமிஷம் 59.05 செகண்டு, அமெரிக்காவுக்கு அடுத்த இடம். கடைசி ரவுண்டு ஓடினது நம்ம தமிழ்நாட்டு ராஜேஷ் ரமேஷ். அமெரிக்காக்காரன் பக்கத்துல நம்மாளு ஓடுற வீடியோ வாட்ஸப் பூரா பறந்துச்சு. அடுத்த நாள் ஃபைனல்ல அஞ்சாவது இடம், அத்தோட கப்சிப். உலகத்துல அஞ்சாவதுங்க! நம்ம படிச்ச காலேஜ் மாநில அளவுல அஞ்சாவதுன்னு சொன்னாலே ஊரெல்லாம் போர்டு வைக்கிறாங்க.

மூணாவது, அந்த 140 கோடிக் கணக்கு. பாரிஸ்ல நமக்கு 6 மெடல். ஒரு வெள்ளி, அஞ்சு வெண்கலம். அதுபோக ஆறு தடவை நாலாவது இடம். மீராபாய் சானு தூக்கினது 199 கிலோ, வெண்கலம் வாங்கின தாய்லாந்துப் பொண்ணு 200 கிலோ. ஒரு கிலோ! "வெறும் 6 தானா"ன்னு பொங்கினாங்க. சரி, மெடல் மேல அவ்வளவு பாசம்னே வெச்சுக்குவோம். அடுத்த சில வாரத்துலயே அதே பாரிஸ்ல பாராலிம்பிக்ஸ் நடந்துச்சு. 29 மெடல், அதுல 7 தங்கம். துளசிமதி வெள்ளி, மனிஷா வெண்கலம், நித்யஸ்ரீ வெண்கலம், மூணும் பேட்மிண்டன்ல. சேலம் மாரியப்பனுக்கு உயரம் தாண்டுதல்ல வெண்கலம். 2016-ல தங்கம், டோக்கியோவுல வெள்ளி, பாரிஸ்ல வெண்கலம்னு தொடர்ந்து மூணு பாராலிம்பிக்ஸ்ல மெடல் வாங்கின மனுஷன் அவர். 6 வந்தப்போ பொங்கினவங்க 29 வந்தப்போ எங்க போனாங்க? அப்ப அவங்களுக்கு வேணும்கிறது மெடல் கூட இல்ல. திட்டறதுக்கு ஒரு ஆளு.

இந்தத் திட்டு யாரைப் போய்ச் சேருதுன்னு ஒரு தடவை வெளிப்படையாவே தெரிஞ்சுது. சென்னை பவானி தேவி, ஒலிம்பிக்ஸ்ல வாள்வீச்சுல இறங்கின முதல் இந்தியர். டோக்கியோவுல முதல் ஆட்டத்துல துனீசியாப் பொண்ண 15-3-ன்னு ஜெயிச்சாங்க. அடுத்த ஆட்டத்துல பிரான்ஸோட மனோன் புருனேகிட்ட 7-15-ன்னு தோத்தாங்க. அந்த புருனே கடைசியில வெண்கலம் வாங்கினவர். அதுக்கு முன்னாடி ஒரு இந்தியக் காலடி கூடப் படாத மேடை அது. அங்க ஏறி ஒரு ஆட்டம் ஜெயிச்ச பொண்ணு, அன்னைக்கு ட்விட்டர்ல மன்னிப்பு கேட்டாங்க. யாருகிட்ட? சேபர் வாளுக்கும் தோசைக் கரண்டிக்கும் வித்தியாசம் தெரியாத நம்மகிட்ட. 2023-ல ஆசிய சாம்பியன்ஷிப்ல உலக சாம்பியன் மிசாகி எமுராவையே ஜெயிச்சு வெண்கலம் வாங்கினாங்க. அந்தப் போட்டியில இந்தியாவோட முதல் மெடல் அது. டீக்கடையில யாராவது பேசினாங்களா?

நாலாவது டயலாக்குக்கு 2028-ல பதில் கெடைக்கும். லாஸ் ஏஞ்சலஸ்ல கிரிக்கெட் உண்டு. 1900-க்கு அப்புறம் இப்பதான். நானும் கிரிக்கெட் பைத்தியம்தான், சந்தோஷமாத்தான் பாப்பேன். ஆனா அதே 2028-ல ஸ்குவாஷும் முதல் தடவையா ஒலிம்பிக்ஸ்ல வருது. 2025 டிசம்பர்ல சென்னையில நடந்த ஸ்குவாஷ் உலகக் கோப்பைய இந்தியா ஜெயிச்சுது. அணியில நம்ம ஜோஷ்னா சின்னப்பாவும் வேலவன் செந்தில்குமாரும் இருந்தாங்க. உலகக் கோப்பைங்க, நம்ம சென்னையில! எத்தனை பேர் பாத்தோம்?

"நம்ம ஜனங்களுக்கு ரசிக்கத் தெரியாது"ன்னு யாராவது சொன்னா அதையும் ஒத்துக்க மாட்டேன். பொத்தமேட்டுப்பட்டி ஜல்லிக்கட்டுக்கு வந்து பாருங்க. வாடிவாசல்ல மாடு தலைய நீட்டறப்பவே பெருசுங்க சொல்லிரும், இது நின்னு வெளாடுமா, பிச்சுக்கிட்டு ஓடுமான்னு. பிடிபடாத மாட்டுக்கும் கைதட்டு, தூக்கி எறியப்பட்டும் எந்திரிச்சு வர்ற பையனுக்கும் கைதட்டு. கபடியும் அப்படித்தான். 2023 அக்டோபர் 7, ஹாங்சோ ஆசிய விளையாட்டு ஃபைனல், இந்தியா-ஈரான். ஒரு ரெய்டுக்கு யாருக்கு எத்தனை பாயிண்டுன்னு சண்டை வந்து ஆட்டமே ரொம்ப நேரம் நின்னுச்சு. கடைசியில 33-29-ன்னு ஜெயிச்சோம். அன்னைக்கு எங்க ஊர்ப் பசங்க விதிப் புத்தகத்தையே கரைச்சுக் குடிச்ச மாதிரி வாதாடினாங்க. கபடியில தோத்தா "எப்படித் தோத்தான்?"னு கேக்குறோம். 400 மீட்டர்ல தோத்தா "எதுக்குப் போனான்?"னு கேக்குறோம். ஒண்ணு நாம கிட்ட இருந்து பாத்துப் பழகினது, இன்னொண்ணு பாக்காதது. வித்தியாசம் அவ்வளவுதான்.

இதெல்லாம் சும்மா பேச்சுதானே, யாருக்கு என்ன நஷ்டம்னு கேக்கலாம். நஷ்டம் இருக்கு. நான் படிச்ச ஸ்கூல்ல பி.இ.டி. பீரியடுன்னா கணக்கு வாத்தியார் கடன் வாங்கிக்கிற பீரியடு. பத்தாவது வந்ததும் டைம் டேபிள்லயே அது காணாமப் போயிடும். என் செட்டுல ஒரு பய 400 மீட்டர் பேய் மாதிரி ஓடுவான். அவங்க அப்பா அவன்கிட்ட சொன்னது, "ஓடி என்னடா கிழிக்கப் போற, ஒலிம்பிக் போனவனே ஒண்ணும் கிழிக்கல." அவர் கெட்டவர் இல்ல. டீக்கடையில கேட்டத வீட்ல போய்ச் சொன்னார், அவ்வளவுதான். அவன் ஸ்பைக்ஸ் ஷூவக் கழட்டினது அந்த வருஷம்தான். நாம சிரிச்சுக்கிட்டே சொல்ற ஒரு கமெண்ட்டு, எங்கயோ ஒரு வீட்ல முடிவா ஆயிடுது.

அதனால அடுத்த தடவை "140 கோடி"ன்னு யாராவது ஆரம்பிச்சா ஒரே ஒரு கேள்வி கேளுங்க. "அண்ணே, கடைசியா எப்ப திருச்சி அண்ணா ஸ்டேடியம் கேலரியில உக்காந்து ஒரு ஓட்டப் போட்டி பாத்தீங்க?" அங்க ஓடுற புள்ளைங்களுக்குக் கைதட்ட, கூட வந்த வாத்தியாரும் ரெண்டு மூணு பெத்தவங்களும்தான் இருக்காங்க. 140 கோடியில ஒரு நூறு பேர் போய் உக்காந்தாலே அந்தப் புள்ளைங்களுக்கு அது ஒலிம்பிக்ஸ்தான்.

பதிவர் மக்களுக்கும் ஒரு வேண்டுகோள். கிரிக்கெட்டுக்கு நூறு பதிவு போடுங்க, வேணாம்னு சொல்லல. நடுவுல ஒண்ணே ஒண்ணு, உங்களுக்குப் பிடிச்ச வேற ஒரு விளையாட்ட எப்படிப் பாக்கணும்னு எழுதுங்க. வாள்வீச்சுல லைட்டு எப்ப எரியும், தொடர் ஓட்டத்துல எப்ப உள் லேனுக்கு வரலாம், இப்படி எதுவா வேணா இருக்கட்டும். விதி தெரிஞ்சவன் திட்டினா கூட அதுல ஒரு மரியாதை இருக்கும்.

டிஸ்கி: "நீ என்ன பெரிய ஓட்டக்காரனா"ன்னு கேக்க நினைக்கிறவங்களுக்கு: இல்லீங்க. பஸ்ஸுக்கு ஓடினாலே எனக்கு மூச்சு வாங்கும். அதனாலதான் ஓடுறவங்கள நக்கல் அடிக்கிறதில்ல :-)