கம்பின் வேகமும் காலடியின் கணக்கும்

2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடைபெற்ற கேலோ இந்தியா இளைஞர் போட்டிகளில் செயல்விளக்க விளையாட்டாக இடம்பெற்ற சிலம்பம், முதலமைச்சர் கோப்பைக்கென மாவட்டந்தோறும் நடத்தப்படும் போட்டிகளிலும் சேர்ந்துவிட்டதால், புதுக்கோட்டை மாவட்டத்து ஊர்களில் ஆசானின் கண்ணை நம்பியே கற்பிக்கப்பட்டுவந்த இக்கலையை இனி கருவிகொண்டும் அளக்கலாமா என்ற கேள்வி எழுகிறது. அளக்கலாம், எதை அளப்பது என்பதை மட்டும் ஆசான்களே தீர்மானிக்க வேண்டும்.

உடலில் அணியும் அசைவு உணரி என்பது, வேகம் மாறும் வீதத்தைக் காட்டும் முடுக்கமானியும் திரும்பும் வேகத்தைக் காட்டும் சுழல்மானியும் அடங்கிய சிறு சில்லு. குத்துச்சண்டைக்கு மணிக்கட்டில் கட்டினால் போதுமான இக்கருவி, சிலம்பத்துக்கு அப்படியே பொருந்தாது. ஒன்றரை மீட்டர் கம்பை நடுவில் பிடித்து விநாடிக்கு மூன்று சுற்றுச் சுழற்றினால், அதன் முனை மணிக்கு ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வேகத்தில் செல்வதோடு, அங்கே உண்டாகும் முடுக்கம் புவியீர்ப்பைப்போல் 27 மடங்காகிறது. பரவலாகக் கிடைக்கும் முடுக்கமானிகளோ 16 மடங்கோடு நின்றுவிடுகின்றன. ஆகவே உணரியைக் கம்பின் முனையில் பொருத்தாமல் பிடிக்கு அருகிலும், வீச்சுக்கு வலுத்தரும் இடுப்பிலும், காலடி வரிசையைக் காட்டும் கணுக்காலிலும் பொருத்துவதே தகும்.

அவ்வாறு பொருத்தினால் இடக்கை வீச்சு வலக்கை வீச்சைவிட எவ்வளவு மந்தமாகிறது, களைப்பு ஏற ஏறக் காலடிக்கும் கம்புக்கும் உள்ள ஒத்திசைவு எப்போது குலைகிறது என்பன எண்களாகத் தெரியவரும். இருபது பிள்ளைகளை ஒரே வேளையில் கவனிக்கும் ஆசானின் கண்ணுக்கு, எவ்வளவு தேர்ச்சி இருந்தாலும், இவை தப்பக்கூடியவை.

ஆயினும் உணரியை நடுவராக்குவதில் அவசரம் கூடாது. 2012 லண்டன் ஒலிம்பிக்கில் டேக்வாண்டோவுக்கு மின்னணுக் கவசம் வந்தபின், தீர்ப்பில் ஐயம் குறைந்தது உண்மையே. ஆனால் முன்காலைத் தூக்கிவைத்துக்கொண்டு கவசத்தைத் தொட்டுத்தொட்டுப் புள்ளி சேர்க்கும் ஆட்டம் பெருகி, கலையின் அழகு குன்றியதாக விமர்சனமும் எழுந்தது. கருவி எதை எண்ணுகிறதோ அதற்கேற்ப ஆட்டக்காரரும் மாறிவிடுகிறார். தொடுபுள்ளியை எண்ணும் சிலம்பப் போட்டியிலும், முனையின் வேகத்தை மட்டும் அளந்து மதிப்பெண் தந்தால், காலடியைத் துறந்து கம்பை மட்டும் சுழற்றும் தலைமுறையே உருவாகும்.

எனவே பயிற்சிக் களத்தில் காலடியையும் வீச்சையும் சேர்த்து அளந்து, அந்தக் கணக்கு ஆசானின் தீர்ப்போடு ஒத்துப்போகிறதா என்று பல பருவங்கள் பார்த்த பிறகே, உணரியைப் போட்டிக் களத்துக்குள் விட வேண்டும்.