எடை குறைந்தால் இழுவை கூடுமா?

மளிகைக் கடைக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் என்ன தொடர்பு என்று கேட்ட காலம் போய்விட்டது. மண்டியிலிருந்து சரக்கு எடுத்து வரவும், லைனில் ஆர்டர் பிடிக்கவும், வீடு வீடாகச் சாமான் கொண்டு போய்க் கொடுக்கவும் தராசுக்கு அடுத்தபடியாக நம் கடைகளில் அதிகம் உழைப்பது இரு சக்கர வண்டிதான். ஆகவே அந்த வண்டியின் பேரில் நம் கல்லாவிலிருந்து போகும் பணத்தைப் பற்றி இந்த இதழில் எழுதுவது பொருத்தமே.

நம் உறுப்பினர்கள் சிலரிடம் பட்டறைகளில் ஒரு யோசனை சொல்லப்படுகிறது. எஞ்சினுக்குள் இருக்கும் கனமான பாகங்களை எடுத்துவிட்டு 'லைட் வெயிட்' பாகங்கள் போட்டால் பிக்கப் கூடும், மைலேஜ் கூடும், வண்டி பஞ்சு மாதிரி ஓடும் என்பதே அது. மேக்னட்டை லேத்தில் கொடுத்துக் கடைந்து எடை குறைப்பது ஒரு வகை. கம்பெனி பிஸ்டனுக்குப் பதிலாக எடை குறைந்த வேறு பிஸ்டன் போடுவது இன்னொரு வகை. கடைப் பையன்களுக்கு இதில் ஆசை அதிகம். ஆனால் பில் கட்டுவது முதலாளி. சரக்கு ஏற்றும் வண்டிக்கு இது வீண் செலவு, பல சமயம் கெடுதலும்கூட என்பது நமது கருத்து. காரணங்களைச் சொல்கிறோம்.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சினில் பிஸ்டன் இரண்டு முறை ஏறி இரண்டு முறை இறங்குவது ஒரு சுற்று வேலை. இந்த நான்கு ஓட்டத்தில் ஒன்றில்தான் பெட்ரோல் எரிந்து பிஸ்டனைத் தள்ளுகிறது. மற்ற மூன்றும் காற்றை உள்ளே இழுக்கவும், அமுக்கவும், புகையை வெளியே தள்ளவும் ஆகின்றன. அதாவது வரவு ஒன்று, செலவு மூன்று. வரவு வந்த கணத்தில் அதை வாங்கி வைத்துக்கொண்டு, மற்ற மூன்று ஓட்டங்களுக்கும் எடுத்துக் கொடுப்பது கனமாகச் சுழலும் கிராங்க்கும் அதன் முனையிலுள்ள மேக்னட்டும்தான். வியாபாரத்தில் கைமுதல் செய்யும் வேலையை எஞ்சினில் இந்தக் கனம் செய்கிறது. கைமுதலைக் குறைத்துக்கொண்டால் வியாபாரம் சுறுசுறுப்பாகும் என்று யாராவது சொன்னால் நாம் நம்புவோமா?

கனத்தைக் குறைத்தால் ஒன்று நடக்கும் என்பது உண்மை. ஆக்சிலேட்டரை முறுக்கியவுடன் எஞ்சின் சட்டென்று சுற்று ஏறும். ஸ்டாண்டு போட்டு நிறுத்திய வண்டியில் முறுக்கிக் காட்டினால் சத்தத்திலேயே வித்தியாசம் தெரியும். பட்டறையில் நமக்குக் காட்டப்படுவது இதுதான். ஆனால் இது எஞ்சினின் சக்தி கூடியதற்கு அடையாளம் அல்ல. எரியும் பெட்ரோலும் காற்றும் அதே அளவுதான். சுற்று ஏறும் வேகம் மட்டுமே கூடியிருக்கிறது. சாலையில் முதல் கியரில் இந்த வித்தியாசம் ஓரளவு தெரியும். டாப் கியரில் அநேகமாகத் தெரியவே தெரியாது. ஒரே சீராக நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது மேக்னட் கனமாக இருந்தாலும் லேசாக இருந்தாலும் பெட்ரோல் செலவு ஒன்றே. மைலேஜ் கூடும் என்ற பேச்சு இங்கே அடிபட்டுப் போகிறது.

இப்போது நம் வண்டியின் நிலைமையைப் பாருங்கள். பின்னால் ஒரு சர்க்கரை மூட்டை 50 கிலோ, முன்னால் எண்ணெய் டின், மார்க்கெட் சந்தில் மாட்டு வண்டிக்குப் பின்னால் நின்று நின்று நகர வேண்டும். கிளட்சை மெல்ல விடும் அந்த நேரத்தில் பாரத்தை நகர்த்தக் கைகொடுப்பது சேர்ந்திருக்கும் சுழற்சிதான். அது குறைந்தால் வண்டி திணறி அணையும். அணையாமல் இருக்கப் பையன் அதிகம் முறுக்குவான், கிளட்சைப் பாதியில் பிடித்துக்கொண்டே போவான். கிளட்ச் பிளேட்டுக்கு ஆயுள் குறையும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். ஐட்லிங்கும் சீராக நிற்காது.

பிஸ்டன் கதைக்கு வருவோம். ஏறி இறங்கும் பாகம் லேசாக இருப்பது நல்லது என்பது பொதுவான விதி. அதன் பலன் எந்த வேகத்தில் கிடைக்கிறது என்பதே கேள்வி. ஸ்ப்ளெண்டர் வகை 97 சிசி எஞ்சினில் பிஸ்டன் ஓடும் தூரம் சுமார் 50 மில்லி மீட்டர். அதில் ஏறி இறங்கும் எடையில் 100 கிராம், நிமிடத்துக்கு 8000 சுற்றில், கனெக்டிங் ராடை ஏறக்குறைய 175 கிலோ பாரத்துக்குச் சமமாக இழுக்கிறது. எடைக்கல்லில் 100 கிராம் வைத்துப் பழகிய நமக்கு இது வியப்பாகத்தான் இருக்கும். ஆனால் சுற்று பாதியானால் இந்த இழுப்பு கால் பங்காகிவிடும். 4000 சுற்றில் அதே 100 கிராம் கொடுப்பது 45 கிலோவுக்கும் குறைவு. பந்தயக்காரர் 8000, 10000 என்று ஓட்டுகிறார். அவருக்கு ஒவ்வொரு கிராமும் காசு. நம் சரக்கு வண்டி நாளெல்லாம் ஓடுவது பெரும்பாலும் நாலாயிரத்தைச் சுற்றியே.

சோழவரத்தில் பழைய விமான ஓடுதளத்தில் பந்தயம் நடந்த காலத்திலும், 1990-ல் இருங்காட்டுக்கோட்டையில் தனிப் பந்தயத் தளம் வந்த பிறகும், பந்தய வண்டிகளில் பாகங்களை இழைத்து லேசாக்கியவர்கள் விவரம் அறிந்தவர்கள். அவர்கள் ஒன்றை மாற்றினால் கூடவே பத்தைச் சரிசெய்தார்கள். ஓட்டம் முடிந்ததும் எஞ்சினைப் பிரித்தார்கள். அந்த வித்தையை அரைகுறையாகக் கொண்டுவந்து அரிசி மூட்டை ஏற்றும் வண்டியில் செய்வது வேறு காரியம்.

ஏனென்றால் கிராங்க்கில் எதிர் எடை என்று ஒன்று இருக்கிறது. பிஸ்டனின் எடையைக் கணக்கிட்டு, அதன் குலுக்கலைச் சமாளிக்கும் அளவில் கம்பெனி அதை வைத்திருக்கிறது. தராசின் ஒரு தட்டில் இருப்பதை மட்டும் குறைத்தால் முள் எந்தப் பக்கம் போகும் என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை. பிஸ்டனை மட்டும் லேசாக்கிக் கிராங்க்கை அப்படியே விட்டால், பிஸ்டன் ஓடும் திசையில் இருந்த அதிர்வு அதற்குக் குறுக்கான திசைக்கு மாறும். கைப்பிடியிலும் கால் மிதியிலும் அது வந்து சேரும். பஞ்சு மாதிரி ஓடும் என்று சொன்ன வண்டி கையை மரத்துப் போக வைக்கும்.

பழைய புல்லட்டை நினைத்துப் பாருங்கள். 1955-லிருந்து சென்னையில் தயாரான வண்டி. 346 சிசி, 70 மில்லி மீட்டர் போர், 90 மில்லி மீட்டர் ஓட்டம், உள்ளே கனத்த சக்கரங்கள். பால் கேன்களை இரு பக்கமும் கட்டிக்கொண்டு மெதுவான வேகத்திலும் திணறாமல் போனதற்கு அந்தக் கனம் ஒரு முக்கிய காரணம். அதிர்வு இருந்தது, மறுப்பதற்கில்லை. அதைக் குறைக்க அந்தக் கம்பெனியார் 2020-ல் கொண்டுவந்த புதிய 349 சிசி எஞ்சினில் என்ன செய்தார்கள்? பாலன்சர் ஷாஃப்ட் என்று ஒரு பாகத்தைக் கூடுதலாகச் சேர்த்தார்கள். சவாரி சுகமானது எடையைச் சேர்த்துத்தான்! இதனால் லேசான பாகமே கெட்டது என்று நாம் சொல்லவில்லை. வார்ப்பிரும்புக்குப் பதில் அலுமினிய சிலிண்டர் வந்ததால் எடையும் குறைந்தது, சூடும் விரைவில் தணிகிறது. ஆனால் அது எஞ்சின் முழுவதையும் புதிதாகக் கணக்குப் போட்டுச் செய்த மாற்றம்.

பள்ளம் மேட்டில் தூக்கிப்போடுவது குறையும் என்பதும் தவறு. எஞ்சின் ஷாக் அப்சார்பரின் மேல் உட்கார்ந்திருக்கிறது. சவாரிக்குப் பலன் தருவது ஷாக் அப்சார்பருக்குக் கீழே இருக்கும் சக்கரம், டயர் முதலியவற்றின் எடை. எஞ்சினில் அரைக் கிலோ குறைத்தால் முதுகெலும்புக்குத் தெரியாது.

வண்டி 110 கிலோ, ஓட்டுபவர் 65, சரக்கு 75 என்று வைத்துக்கொண்டால் மொத்தம் 250 கிலோ. இதில் ஒரு கிலோவைக் குறைத்தால் நூற்றுக்கு அரைப் பங்குகூட இல்லை. பெட்டியில் தேவையில்லாமல் கிடக்கும் பழைய செயினையும் துருப்பிடித்த ஸ்பேனர்களையும் எடுத்து வைத்தால் அந்த ஒரு கிலோ செலவில்லாமல் குறையும்.

ஆபத்தும் உண்டு. மேக்னட்டின் வெளிப்புறத்தில் சிறு மேடு இருக்கிறது. அது கடந்து போகும் கணத்தைப் பார்த்துத்தான் கரண்ட் எப்போது பாய வேண்டும் என்று முடிவாகிறது. 2020 ஏப்ரல் முதல் வந்த பி.எஸ். 6 வண்டிகளில் பெட்ரோல் பீய்ச்சுவதற்கும் இந்தக் கணக்கே வேண்டும். லேத்தில் அதைத் தொட்டுவிட்டால் வண்டி சரியாக ஸ்டார்ட் ஆகாது. சுவர் மெலிந்து போன மேக்னட் வேகத்தில் விரிசல் விட்டால், ஓட்டுபவரின் காலுக்குப் பக்கத்தில்தான் அது சுழல்கிறது. காலை ஏழு மணிக்குப் பால் பாக்கெட்டுடன் அந்த வண்டியை எடுப்பது நம் பையன்.

பணம் போடத்தான் வேண்டும் என்றால் போடும் இடங்கள் இருக்கின்றன. செயின் கவரிலோ கையேட்டிலோ பின் டயருக்கு இரண்டு காற்றளவு போட்டிருப்பார்கள். சரக்கு ஏற்றும் நாளில் இரண்டாவது அளவைப் பிடியுங்கள். இதைச் செய்யாத கடைகள்தான் அதிகம். ஏர் பில்டர், ஸ்பார்க் பிளக், செயினுக்கு எண்ணெய், பிரேக் உரசாமல் சுழலும் சக்கரம் ஆகியவற்றைக் கவனித்தாலே மைலேஜ் தெரியும். இழுவையே வேண்டும் என்றால் பின் ஸ்ப்ராக்கெட்டைப் பாருங்கள். 42 பல் இருக்கும் இடத்தில் 44 பல் போட்டால் எல்லாக் கியரிலும் இழுவை ஏறக்குறைய நூற்றுக்கு ஐந்து கூடும். அந்த அளவுக்கு வேகம் குறையும், எஞ்சின் சற்று அதிகம் சுற்றும். சந்துக்குள் ஓடும் வண்டிக்கு அது நஷ்டமில்லை.

நம் சங்கத்தில் ஸ்பேர் பார்ட்ஸ் வியாபாரிகளும் இருக்கிறார்கள். அவர்கள் மனம் நோக எழுதவில்லை. தயாரித்தவர் பெயர் இல்லாத பெட்டியில் 'ரேசிங்' என்று அச்சிட்டு வரும் பிஸ்டனை, சரக்கு வண்டிக்கு என்று கேட்டு வருபவரிடம் விற்காமல் இருப்பது அவர்கள் கையில் இருக்கிறது. வாங்கும் அன்பர்களும் பாகத்தின் பெயரும் விலையும் எழுதிய பில் இல்லாமல் பணம் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே மாற்றிவிட்டவர்கள், கழற்றிய பழைய மேக்னட்டும் பிஸ்டனும் பட்டறையில் கிடந்தால் இன்றே கேட்டு வாங்கி வையுங்கள். திரும்பப் போட வேண்டி வரும்போது புதிதாக வாங்கும் செலவாவது மிஞ்சும்.