வரைபவரும் வரையப்படுபவரும்

வெளிநாட்டுப் பயணத்தில் காமிராவோடு ஒரு சிறிய ஓவியப் புத்தகத்தையும் எடுத்துச் செல்வோர் இன்று பெருகியிருக்கிறார்கள். சதுக்கத்தின் ஓரத்தில் அமர்ந்து எதிரிலுள்ள மணிக்கூண்டையோ காப்பிக்கடை முதியவரையோ வரைகிறார்கள். 2007இல் சியாட்டில் நகரில் பத்திரிகை ஓவியர் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய ‘அர்பன் ஸ்கெட்சர்ஸ்’ இயக்கம் இப்பழக்கத்தை உலகெங்கும் கொண்டு சென்றது. புகைப்படத்தைவிட ஓவியம் கூர்ந்த பார்வையைக் கோருவது, யாரையும் புண்படுத்தாதது என்பது இவர்களில் பலரின் எண்ணம். முதற்பாதியில் நமக்கு ஐயமில்லை. சன்னல்களை எண்ணாமல் ஒரு கட்டடத்தை வரைய முடியாது. மறுபாதிதான் அவ்வளவு எளிதாக ஒப்புக்கொள்ளத்தக்கதல்ல.

வரலாற்றில் இதற்குச் சான்றுகள் உண்டு. 1748இல் ஆங்கில ஓவியர் வில்லியம் ஹோகார்த் பிரான்சின் கலே நகர வாயிலை வரைந்துகொண்டிருந்தபோது ஒற்றரென்று பிடிக்கப்பட்டார். விசாரணைக்குப்பின் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்ட அவர் அதே ஆண்டில் ‘கலே வாயில்’ ஓவியத்தைத் தீட்டினார். அதில் ஒரு மூலையில் அவரே வரைந்துகொண்டிருக்கிறார். அவர் தோளில் ஒரு கை விழுகிறது. மற்றபடி அந்த ஓவியம் முழுவதும் பிரெஞ்சுக்காரர்மீதான ஏளனம்தான். மெலிந்த சிப்பாய்களையும் கொழுத்த துறவியையும் வைத்து ஹோகார்த் பழிதீர்த்துக்கொண்டார்.

1786 செப்டம்பரில் கவிஞர் கதே இத்தாலியின் கார்டா ஏரிக்கரையில் உள்ள மால்செசினேயில் இடிந்த கோட்டையை வரைய அமர்ந்தார். ஊரார் கூடிவிட்டனர். ஒருவர் தாளைப் பிடுங்கிக் கிழித்தார். அப்போது அது வெனிஸ் குடியரசின் எல்லைப்புற ஊர்; ஆஸ்திரியப் பேரரசரின் ஒற்றரோ என்று ஐயுற்று அதிகாரியை அழைத்துவந்தனர். கதே அவர்களோடு நெடுநேரம் பேசினார். இடிபாட்டில் என்ன அழகு என்று கேட்டவர்களுக்குத் தாம் கண்ட அழகை விளக்கினார். பிராங்ஃபர்ட்டில் வேலை பார்த்துத் திரும்பியிருந்த உள்ளூர்க்காரர் ஒருவர் அவருக்காகப் பரிந்து பேசினார். வந்த ஆளை விட்டுவிட்டதோடு ஊரைச் சுற்றிப் பார்க்கவும் இசைந்தார்கள்.

இருவரில் கதேயின் வழியே நமக்கு உவப்பானது. ஊராரின் ஐயத்தை அறியாமை என்று தள்ளிவிட வேண்டியதில்லை என்பதற்கு நம் நாட்டிலேயே சான்றிருக்கிறது. தாமஸ் டேனியலும் அவர் உறவினர் வில்லியம் டேனியலும் 1792இல் சென்னையிலிருந்து தெற்கே புறப்பட்டது, மூன்றாம் மைசூர்ப்போர் முடிந்த கையோடு. பாராமகால் மலைக்கோட்டைகள், மதுரை அரண்மனையின் இடிபாடுகள் என்று அவர்கள் வரைந்தவை அச்சாகி இங்கிலாந்தில் பரவின. அழகான படங்கள்தாம், இன்று நம் வரலாற்றுக்கு ஆவணங்களும்கூட. ஆனால் அவற்றில் நம் முன்னோர் பெரும்பாலும் கட்டடத்தின் உயரத்தை அளந்து காட்டும் சிறு உருவங்கள். தங்களை வரைந்த தாளை அவர்களில் எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? இந்தக் கேள்வி மற்றவர்களைவிட நமக்குச் சற்று நெருக்கமானது. அயல்நாட்டுத் தெருவில் பென்சிலை எடுக்கும்போது அது நினைவில் இருக்கவேண்டும்.

இன்னொரு மாற்றத்தையும் கருதவேண்டும். 1832இல் மொராக்கோ சென்ற பிரெஞ்சு ஓவியர் தெலக்ருவா தம் பயண ஏடுகளைத் தம்மிடமே வைத்திருந்து, 1863இல் இறக்கும்வரை தம் ஓவியங்களுக்கு அவற்றைப் பயன்படுத்திவந்தார். இன்றோ காலையில் வரைந்த முகம் மாலைக்குள் இணையத்தில் ஏறிவிடுகிறது. அர்பன் ஸ்கெட்சர்ஸின் எட்டு அம்ச அறிக்கை, காட்சிக்கு உண்மையாக இருக்கவேண்டும் என்கிறது. படங்களை இணையத்தில் பகிரவும் சொல்கிறது. வரையப்படுபவரைப் பற்றி அதில் தனியாக ஓர் அம்சமில்லை. இதை நாம் ஒரு குறையாகவே காண்கிறோம்.

முன்கூட்டி அனுமதி கேட்டால் இயல்பு கெட்டுவிடும், பிறகு தெருவோவியம் என்ற கலையே இராது என்று நண்பர்கள் சொல்லக்கூடும். நியாயமான வாதம். கேட்டுவிட்டு வரையுங்கள் என்று நாம் சொல்லவில்லை. வரைந்ததைக் காட்டுங்கள் என்கிறோம். எட்டிப்பார்ப்பவரைக் கண்டதும் ஏட்டை மூடாதிருப்பது, படத்தில் இருப்பவரிடம் அதை நீட்டுவது, அவர் விரும்பாவிட்டால் அந்தப் பக்கத்தைப் பிறர் காண வெளியிடாதிருப்பது ஆகிய மூன்றும் போதும். ரயிலில் உறங்குபவர் அசையாததால் பயண ஓவியருக்கு வசதியான மாதிரி. வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் இருப்பவரும் அவரே. நடைபாதையில் உறங்கும் வீடற்றவருக்கும் இது பொருந்தும். அவர்களை அடையாளம் தெரியாதபடி வரைவதால் கலைக்கு நட்டம் ஏதுமில்லை.

மொழி தெரியாத ஊரில் ஓர் ஏட்டை நீட்டிக் காட்டுவதைவிட எளிய அறிமுகம் வேறில்லை. தம் மூக்கு சரியாக வரவில்லை என்று முதியவர் சிரித்தால் அந்தப் பயணத்தில் ஓர் உரையாடல் மிஞ்சும். முகம் சுளித்தால் ஒரு பக்கம் போகும், அவ்வளவுதான். இதற்குக்கூட மனமில்லாதவர் கட்டடங்களை மட்டும் வரைவது நல்லது.