மூன்றாவது கோப்பை

காப்பிக்கொட்டையை வீட்டிலேயே வறுத்துப் பழகிய தாய்மார்களுக்கு வறுவலின் நுட்பத்தை நாம் எடுத்துரைக்க வேண்டுவதில்லை. சற்றே கருகிவிட்டால் நல்ல கொட்டையும் சொத்தைக் கொட்டையும் ஒரே சுவையாகிவிடும். தேயிலையையும் அவ்வாறு வறுக்கும் வழக்கம் சீன தேசத்தில் உண்டு. நண்பர் ஒருவர் அளித்த ஊலோங் தேயிலைப் பொட்டலமொன்றைச் சென்ற மாதம் சுவைத்துப் பார்த்தோம். பாலும் சர்க்கரையும் சேர்க்கவில்லை.

ஃபூஜியன் மாகாணத்து ஊயி மலையின் பாறைச் சரிவுகளில் இது விளைகிறது. இலையை வாட்டி, ஓரங்கள் கன்றிச் சிவக்கும்படி குலுக்கி, சூடேறிய சட்டியிலிட்டு அம்மாற்றத்தைப் பாதியில் நிறுத்துகின்றனர். பின்னர் முறுக்கி உலர்த்தி, மூங்கிற் கூடையிலிட்டு, சாம்பல் மூடிய கரித்தணலின்மேல் பல மணி நேரம் வைத்து வறுக்கின்றனர். சுவாலை எழலாகாது, புகையும் ஆகாது.

5 கிராம் இலைக்கு 100 மில்லி கொதிநீர் போதும். முதல் முறை 10, 15 விநாடிகளில் வடித்துவிட வேண்டும். அதே இலையில் ஐந்தாறு முறை நீர் ஊற்றலாம். (மாதக் கடைசியில் குமாஸ்தாக்களுக்கு ஏற்ற பானம்!)

முதற் கோப்பையில் வறுத்த கடலையும் முறுகிய வெல்லமும் நினைவுக்கு வந்தன. வீட்டுப் பெரியவர் ஒரு வாய் பருகி, "சுக்குக் கஷாயமா?" என்று வினவிக் கோப்பையை அப்பால் வைத்துவிட்டார். இரண்டாவதிலும் நெருப்பே முன்னின்றது. மூன்றாவதில்தான் அது ஒதுங்கி இலை பேசத் தொடங்கியது: மெல்லிய பூமணம், மழை நனைத்த கல்லின் வாசம், விழுங்கிய பின் நெல்லிக்காய் தின்று நீர் பருகினாற்போன்ற இனிப்பு. அதனைப் பெரியவரிடம் நீட்டச் சென்றபோது அவர் உறங்கிவிட்டிருந்தார்.

மட்டமான இலையின் குறையைக் கருகலால் மறைத்து விற்பதும் உண்டு. அத்தகைய சரக்கில் மூன்றாவது கோப்பைக்கு வெந்நீரே மிஞ்சும். ஆகவே முதற் கோப்பையைக் கொண்டு விலை மதிக்கலாகாது என்பது நம் கருத்து. 'தா ஹோங் பாவ்' என்னும் புகழ்பெற்ற வகையின் ஆறு தாய்மரங்களில் 2006 முதல் இலை பறிப்பதில்லை. தாய்மரத்து இலை என்று எவரேனும் கூறினால் பணப்பையை மூடிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. அந்த ஃபூஜியன் மாகாணத்தின் தென்கடற்கரைப் பேச்சில் தேயிலைக்குப் பெயர் 'தே'. கப்பலேறி உலகைச் சுற்றிய அச்சொல்லே நம் 'தேயிலை'யில் நிற்கிறது. இங்கே ரயில் நிலையங்களில் நாம் கேட்கும் 'சாய்', 'சா' என்னும் மற்றொரு சீன வழக்கினின்று பாரசீகம் வழியே வந்தது.

வறுத்த புதிதில் இத்தேயிலையில் நெருப்பின் காரம் மிகுந்திருக்கும். சில மாதங்கள் ஆறவிட்டு அருந்துவது அந்நாட்டார் வழக்கம். தகர டப்பாவில் இறுக மூடி, பெருங்காயம் இருக்கும் அலமாரியில் மட்டும் வைக்காதீர்கள்.