தாத்தா வந்தார்... கண்ணீர் வரவில்லையே!



2024 ஜூலை 12-ல் 'இந்தியன் 2' ரிலீஸ். அந்த வாரமே ஹாஸ்டல் நண்பர்கள் ஆறு பேர் விசிலடித்துக்கொண்டு தியேட்டருக்குப் போனோம். திரும்பும்போது ஒருத்தனும் பேசலை. ஏன்?

1996-ல் 'இந்தியன்' வந்தபோது நாம் யாரும் பிறக்கவே இல்லை. ஆனாலும் டிவியில் எத்தனை தடவை பார்த்திருப்போம்! அதே ஷங்கர், அதே கமல், அதே வர்மக்கலை. இரண்டாவதில் பணத்தைத் தண்ணீராய்ச் செலவழித்திருக்கிறார்கள். தைபே நகரம் என்ன, செட்டு என்ன, சண்டை என்ன! ஸ்டைலுக்குக் குறைவே இல்லை. ரிலீஸான சில நாளிலேயே சுமார் 12 நிமிடம் வெட்டினார்கள். நீளம் குறைந்தது; குறை குறையவில்லை.

எனக்குத் தெரிந்த காரணம் இதுதான். முதல் படத்தில் சேனாபதி லஞ்சம் கொடுக்க மறுத்து மகளைத் தீக்காயத்துக்குப் பறிகொடுக்கிறார். பிரேக் சரியில்லாத பஸ்சுக்கு மகன் காசு வாங்கிக்கொண்டு சர்டிபிகேட் கொடுக்கிறான். பள்ளிக் குழந்தைகள் சாகிறார்கள். பெற்ற பிள்ளையென்றும் பாராமல் தானே கொல்கிறார். இழந்தவர் அவர், அழுதவர்கள் நாம்.

இரண்டாவதில், அவரவர் வீட்டைச் சுத்தம் செய்யுங்கள் என்கிறார். நல்ல யோசனைதான்! சித்தார்த் தன் அப்பாவையே மாட்டிவிடுகிறார், அம்மாவை இழக்கிறார். ஆனால் எரிவது அடுத்தவர் வீடு. தாத்தாவுக்கு இழக்க என்ன இருக்கிறது?

என் வீட்டுக் கதைக்கு வருகிறேன். பெருமாள்மலையில் காய்கறி லோடு ஏற்றுகிறவர் எங்கப்பா. எங்க பரம்பரையில் காலேஜ் வாசல் மிதித்த முதல் ஆள் நான். இங்கே சேரும்போது ஒரு சான்றிதழுக்காக ஒரு ஆபீஸில் ஐநூறு ரூபாய் கொடுத்தார். அவருடைய ஒரு நாள் கூலி. பக்கத்தில் நின்ற நான் தரையைப் பார்த்தேன்.

வீட்டைச் சுத்தம் செய்யணும்னா நான் யாரைக் காட்டிக்கொடுப்பது? வாங்கினவரையா, எனக்காகக் கொடுத்த அப்பாவையா? இதற்கு 'இந்தியன் 2'-ல் எனக்குப் பதில் கிடைக்கலை. மகள் உயிர் போகும்போதும் கொடுக்காத சேனாபதியின் முன்னால் நான் தலைகுனிகிறேன். ஆனாலும் அப்பா செய்தது தப்புன்னு சொல்ல வாய் வரலை. முதல் படம் இன்னும் என்னைத் தூங்கவிடாததற்கு இதுதான் காரணம்.

எங்க ஊர் முக்கில்தான் பழனி ரோடும் வத்தலக்குண்டு ரோடும் பிரிகின்றன. எந்தப் பக்கம் இறங்கினாலும் கொண்டை ஊசி வளைவுகள். பஸ்ஸில் இருக்கிற அத்தனை உயிரும் பிரேக்கை நம்பித்தான் இறங்குது. மோட்டார் வாகன ஆய்வாளர் வேலைக்கு ஆட்டோமொபைல், மெக்கானிக்கல் டிப்ளமோதான் அடிப்படைத் தகுதி. ஆக, அந்த நாற்காலியில் நாளைக்கு நம்மில் ஒருவன் உட்காரலாம்.

அன்றைக்கு யாரோ ஒரு அப்பா ஐநூறு ரூபாயை மடித்து நீட்டுவார். அவர் பக்கத்தில் ஒரு பையன் தரையைப் பார்த்துக்கொண்டு நிற்பான். அவனை நிமிர்ந்து பார்க்க வைக்க முடியுமா நம்மால்?

முடிந்தால், 'இந்தியன்' படத்துக்கு நல்ல இரண்டாம் பாகம் அதுதான்!