பரமத்தி முகாமில் ஆங்கில வகுப்பு

நாமக்கல் ஜில்லாவின் விடுதிப் பள்ளிகளைத் தேடித் தமிழ்நாட்டின் நாலா திசைகளிலிருந்தும் பெற்றோர் தம் பிள்ளைகளை அழைத்துவந்த காலத்திலும், அதே ஜில்லாவின் பரமத்தியிலும் அண்டையிலுள்ள சேலம் ஜில்லாவின் குறுக்குப்பட்டி, பவளத்தானூர் ஆகிய ஊர்களிலும் இலங்கைத் தமிழர் முகாம்கள் இருந்தன. அந்தக் கல்விச் செல்வத்தில் ஒரு பங்கு அம்முகாம்களுக்கும் சேரவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம். இலங்கையில் நடந்த 1983 ஜூலைக் கலவரத்துக்குப் பின் கடல்கடந்து வந்தோரின் பேரப்பிள்ளைகள் இன்று கல்லூரி வயதை எட்டிவிட்டார்கள். 2021-இல் தமிழ்நாடு அரசாங்கம் இம்முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம்கள் என்று பெயர் சூட்டியது நற்காரியமே. எனினும் 2019-ஆம் ஆண்டின் குடியுரிமைத் திருத்தச் சட்டத்தில் இவர்களுக்கு இடமில்லாமையால், குடியுரிமையின்றி அரசாங்க உத்தியோகம் எட்டாத பட்டதாரிகள் பலர் பெயிண்ட் அடிக்கும் வேலைக்கே போகிறார்கள். தனியார் கம்பெனிகளின் வாசல் திறந்திருக்கிறது என்றாலும், அங்கே நேர்முகத் தேர்வில் ஆங்கிலம் பேசும் மனோதைரியமன்றோ முதலில் சோதிக்கப்படுகிறது! ஆகவே முகாமில் ஆங்கில வகுப்பு நடத்தினால், கனடாவில் பிறந்து தமிழ் அறியாமல் வளரும் பேத்தியோடு தொலைபேசியில் நாலு வார்த்தை பேச ஏங்கும் பாட்டிமாரும் அதில் உட்காரலாம். 1984-இல் ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகத்தை அகதிகளே நிறுவித் தம் குழந்தைகளின் கல்வியைப் பேணிவந்திருப்பதால், தொண்டு செய்யப் புகுவோர் முகாமில் ஏற்கெனவே பாடம் சொல்லும் இளைஞர்களைக் கலந்தாலோசித்து, இலக்கணத்தைச் சற்று ஒதுக்கிவைத்துச் சம்பாஷணையிலிருந்து ஆரம்பிப்பது உசிதம். நோட்டுப் புத்தகங்களை விநியோகித்துப் புகைப்படம் எடுத்துக்கொண்டு திரும்புவோரால் பிரயோசனமில்லை. அதிகாரிகளின் அனுமதியோடு, வாரந்தோறும் தவறாமல் ஓராண்டேனும் வரக்கூடியவர்களே அங்கே தேவை.